புளியங்குடி கோல்கீப்பரின் முழுப்பெயர்

மைக் கையில் இருக்கும் வரை எனக்குப் பயம் கிடையாது. கீழே வைத்த நொடியிலிருந்து எல்லாம் பயம்தான். கடையைப் பூட்டிவிட்டுப் பத்தடி நடந்ததும் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் செட் கட்டினால், மேலே கட்டிய குழாய் ஸ்பீக்கர் யார் தலையிலாவது விழுந்துவிடுமோ என்று அண்ணாந்து பார்த்தபடியே பந்தியில் உட்கார்ந்திருப்பேன். பாயசம் வந்ததா, வரவில்லையா என்பதுகூடத் தெரியாது.

"நீங்க வீட்டுல பேசுனா அடுப்படிக்குக் கேக்க மாட்டேங்கு. மைக்குல பேசுனா மேலநீலிதநல்லூர் வரைக்கும் கேக்கு" என்பாள் என் மனைவி.

எட்டாம் வகுப்பில் ஒருநாள் சார் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொன்னார். எழுத்தெல்லாம் தெரிந்தது. குரல்தான் வரவில்லை. வாயைத் திறந்து மூடிக்கொண்டு நின்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. சங்கரன்கோவிலில் ஒரு மைக் செட் கடையில் வயர் சுற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே முதலாளி ஒருநாள் டீ குடிக்கப் போன நேரத்தில் மைக்கை எடுத்து "ஹலோ, ஹலோ" என்று சொல்லிப் பார்த்தேன். தெருவில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அது என் குரல்தானா என்று நானும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தேன். இப்போது அந்தக் கடை என்னுடையது.

எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு நான்தான் வர்ணனை. அணி என்றால் தறி ஓட்டுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், ஒரு எலக்ட்ரீசியன், ஒரு கறிக்கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேட்ச். மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்திருக்கும். கோல் விழுந்தால் கூட்டம் அந்தத் தகரத்தைத் தட்டும். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வர்ணனை சொல்கிறவர் ஆட்டக்காரரின் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார், பட்டப்பெயர்தான் சொல்வார். பின்னால் நிற்கும் நெட்டையர் டவர். நடுவில் மெதுவாக ஓடுகிறவர் பாசஞ்சர் வண்டி. நன்றாக ஆடிக்கொண்டிருந்துவிட்டுத் திடீரென்று காணாமல் போகும் எங்கள் முன்கள வீரர் கரண்ட் கட். "பாசஞ்சர் வண்டி டவரிடமிருந்து பந்தை வாங்கிக் கரண்ட் கட்டுக்குக் கொடுக்கிறது" என்று நான் சொன்னால் ஆயிரம் பேர் சிரிப்பார்கள். எட்டாம் வகுப்பில் கேட்ட சிரிப்பு இல்லை அது. அந்தச் சிரிப்புக்காகவே ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று காத்திருப்பேன்.

புளியங்குடி அணியின் கோல்கீப்பருக்கு நான் வைத்த பெயர் தார் டின்.

ஆள் நல்ல கருப்பு, உருண்டு திரண்ட உடம்பு. ஒரு மேட்சில் வாயில் அதுவாக வந்தது. கூட்டம் பிடித்துக்கொண்டது. அவர் பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் நான் "தார் டின்!" என்பேன். கூட்டம் தகரத்தை டம் டம் என்று தட்டும். மூன்று வருடம் இப்படியே போனது.

எங்களுக்கு இன்னொரு கிளப்பும் உண்டு. அது கடல் தாண்டி இருக்கிறது. அந்த ஊரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் அது தோற்றால் தறி அண்ணாச்சிக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தறி அண்ணாச்சி எங்கள் அணியின் தலைவர். சொந்தமாக எட்டு தறி வைத்திருக்கிறார். தறிச் சத்தத்தில் காது பாதி போய்விட்டதால் ரகசியத்தைக்கூட மூன்று கடை கேட்கத்தான் சொல்வார். அவரும், பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கும் கிளார்க் அண்ணாச்சியும், என்னோடு எட்டாம் வகுப்பு வரை படித்த ஆட்டோக்காரனும் சனிக்கிழமை சாயங்காலம் என் கடைக்கு வந்துவிடுவார்கள். வெளிநாட்டில் மதியம் நடக்கும் மேட்ச் நமக்குச் சாயங்காலம். டிவியின் சத்தத்தை என் ஆம்ப்ளிபயரில் கொடுத்து, கூட்டத்தின் இரைச்சல் கடைக்குள் சுற்றிச் சுற்றி வரும்படி வைத்திருக்கிறேன்.

அந்த வருடம் இரண்டு கிளப்புக்கும் நேரம் சரியில்லை. ஒரு சனிக்கிழமை, வெளிநாட்டு அணியின் கருப்பின ஆட்டக்காரர் ஒருவர் கடைசி நேரப் பெனால்டியை வெளியே அடித்துவிட்டார். பத்தொன்பது வயதுதான் இருக்கும். மறுநாள் காலையில் செல்போனைத் திறந்தால், அவரது படத்துக்குக் கீழே குரங்குப் படங்களாக வரிசையாகப் போட்டிருந்தார்கள். வாழைப்பழப் படங்கள். போட்டதெல்லாம் எங்கள் கிளப்பின் ரசிகர்களேதான்.

அன்றைக்கே எல்லோரும் என் கடையில் கூடினோம். தறி அண்ணாச்சி டீ கிளாஸை டொம்மென்று வைத்தார்.

"மனுசனாவே இவனுவ? வெளுத்த தோலு இருந்தா போதுமா? போன வாரம் அந்தப் பையன் கோல் போட்டப்ப தூக்கித் தலையில வச்சு ஆடுனானுவள்லா? இன்னைக்குக் கொரங்குங்கான்!"

"அண்ணாச்சி, மெதுவா. எதுத்த கடைக்காரன் அவனைத்தான் ஏசுதீயன்னு பாக்கான்" என்றான் ஆட்டோக்காரன்.

"பாக்கட்டும்! நாம கருப்பன்தானே? அவனைச் சொன்னா நம்மளச் சொன்ன மாதிரிதான். இங்கிலீசுல ரெண்டு வரி எழுதிக் குடுங்கவே கிளார்க்கு, நான் அந்த கிளப்புக்கு அனுப்புதேன்."

கிளார்க் அண்ணாச்சி அதிகம் பேச மாட்டார். வடையைப் பிய்த்து, எண்ணெயைக் காகிதத்தில் ஒற்றி, நிதானமாகத் தின்று முடித்தார். பிறகு என் பக்கம் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"எழுதிருவோம். அதுக்கு முன்னால ஒண்ணு. நம்ம ஆளு மைக்குல புளியங்குடிக்காரனை என்னன்னு கூப்பிடுதாரு?"

நான் ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஃபேனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அது வேற, இது வேற வே" என்றார் தறி அண்ணாச்சி. "அங்கன வெள்ளக்காரன் கருப்பனைச் சொல்லுதான். இங்கன கருப்பன் கருப்பனைச் சொல்லுதான். அது வெறி, இது கிண்டல்."

"குரங்குப் படம் போட்டவனைக் கேட்டா அவனும் கிண்டல்னுதான் சொல்லுவான்" என்றார் கிளார்க் அண்ணாச்சி.

"எங்க அம்மையே என்னைய கருவாப்பயலேன்னுதான் கூப்பிடுவா" என்றான் ஆட்டோக்காரன்.

"ஒங்க அம்மை ஒனக்குச் சோறு போட்டுட்டுக் கூப்பிடுதா. நாம அவருக்கு என்னலே போட்டோம்?"

"கோலுதான் போட்டோம். ஆறு மேட்சுல ஒண்ணே ஒண்ணு" என்றான் ஆட்டோக்காரன்.

எல்லோரும் சிரித்தோம். கிளார்க் அண்ணாச்சியும் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்த பிறகு, "நிறத்தச் சொல்லி ஆரம்பிக்கது எங்க போயி முடியும்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்லிக்குடுக்க வேண்டாம்" என்றார். நான் அந்த ஃபேனின் வயரைப் பிரித்து, பிரித்ததையே மறுபடி சுற்றிக்கொண்டிருந்தேன். கிண்டல் செய்தவன் நான். வழக்காடியவர்கள் அவர்கள். ஒரு வார்த்தைகூட எனக்கு வரவில்லை. மைக் கையில் இல்லையே.

அந்த வாரமே எங்கள் கோல்கீப்பர் தறியிலிருந்து பாவு நூல் சுற்றிய பீமை இறக்கும்போது விரலை உடைத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி மேட்ச். போட்டியில் எட்டு அணி, கடைசி இரண்டு இடத்தில் வருகிற அணிகளுக்கு அடுத்த வருடம் இடம் கிடையாது. நாங்கள் ஏழாவது இடத்தில் இருந்தோம். டிரா செய்தாலே தப்பிவிடலாம். தோற்றால் எங்கள் ஊரில் அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமையே கிடையாது. புளியங்குடி அணி தன் மேட்சுகளை முடித்துவிட்டதால், அங்கிருந்து ஓர் ஆளை விருந்தாளியாக இறக்கிக்கொள்ள விதியில் இடம் இருந்தது.

யாரை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

"புதன்கிழமை ஒமக்குப் புளியங்குடியில கல்யாண செட் இருக்குல்லா?" என்றார் தறி அண்ணாச்சி, எதிர்க் கடைக்கும் கேட்கும்படி. "அப்படியே எலுமிச்சங்கா மார்க்கெட்டுல போயி ஆளப் பாத்துப் பேசிட்டு வாரும்."

"நானா?"

"பின்ன? பேச்சுல ஒம்ம விட்டா ஆளு யாரு?"

புதன்கிழமை காலையில் செட்டை வேனில் அனுப்பிவிட்டு, நான் பஸ்ஸிலேயே வசனத்தைத் தயார் செய்துகொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்ததில்லை. வர்ணனை மேஜை மைதானத்தின் மறு மூலையில், பந்தலுக்குள் இருக்கும். அதனால் அணியின் நிர்வாகி என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். இறங்கும்போது அந்த முடிவும் பயமாகிவிட்டது.

மார்க்கெட்டில் தரையெல்லாம் மஞ்சளாகக் குவித்திருந்தார்கள். அவர் ஒரு குவியலுக்கு முன்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, பெரிசு ஒரு கூடைக்கும் சிறிசு ஒரு கூடைக்குமாகப் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தனித்தனியாக வேலை செய்தன. கண் பழத்தைப் பார்க்கவே இல்லை. எறிகிற பழம் ஒன்றுகூடக் கூடையின் விளிம்பில் படவில்லை.

"வணக்கம் அண்ணாச்சி" என்றேன்.

அவர் கை ஒரு கணம் நின்றது. நிமிர்ந்து பார்த்தார். "வாரும். இருக்கும்" என்று ஒரு சாக்கைத் தள்ளிப் போட்டார்.

நான் எங்கள் கோல்கீப்பரின் விரலைப் பற்றிச் சொன்னேன். ஏழாவது இடத்தைப் பற்றிச் சொன்னேன். வெயிலைப் பற்றி, எலுமிச்சை விளைச்சலைப் பற்றி, கல்யாண சீசனைப் பற்றிக்கூடச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பழம் பிரித்துக்கொண்டே இருந்தார்.

"ஞாயித்துக்கெழமதானே? வரலாம். எனக்கும் கை துறுதுறுன்னுதான் இருக்கு" என்றார். பிறகு கேட்டார்: "அந்த மைக்குக்காரன் இருப்பானா?"

"எந்த மைக்குக்காரன்?" என்று கேட்டுவிட்டேன். அதைவிடக் கேவலமான கேள்வியை நான் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"எனக்கு அது பெருசில்ல வே. சின்னதுலேருந்து கேட்டதுதான். போன வருசம் ஒங்க ஊரு மேட்சுக்கு எம் பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தேன். அவளுக்கு இந்த ஆட்டமே தெரியாது. நான் பந்தப் பிடிச்சேன், கூட்டம் பூரா சிரிச்சுது. மறுபடியும் பிடிச்சேன், மறுபடியும் சிரிச்சுது. திரும்பிப் போகும்போது பஸ்ல கேக்கா, 'பந்தப் பிடிச்சா தப்பாங்க? நீங்க பிடிக்கும்போதெல்லாம் சிரிக்காவள்லா?'ன்னு. அன்னைக்கு ஏழு பந்து பிடிச்சேன் வே. ஒண்ணுகூட விடல. நான் மோசமா ஆடிட்டேன்னு நெனச்சுக்கிட்டே அவ வீட்டுக்கு வந்தா."

அந்த மேட்ச் எனக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு என் வர்ணனை பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள். கூட்டம் அப்படிச் சிரித்ததே இல்லை என்று நான் வீட்டில் வந்து மனைவியிடம் சொன்னேன். ஏழு சிரிப்பையும் என் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன்.

எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. கால் வரவில்லை. குரல், வழக்கத்துக்கு மாறாக, வந்தது. தேய்ந்து போய்த்தான் வந்தது.

"அண்ணாச்சி, அந்த மைக்குக்காரன் நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"வணக்கம்னு சொன்னீருல்லா, அப்பவே. மூணு வருசம் காதுல கேட்ட குரலுவே. சொல்லுதீரா இல்லையான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்." அவர் சொல்லிக்கொண்டே ஒரு பழத்தை என் பக்கம் வீசினார். பிடிக்கப் பார்த்தேன். அது நெஞ்சில் பட்டுக் குவியலுக்குள் உருண்டு போய்விட்டது. "ஒம்ம கோல்கீப்பராப் போட்டா இன்னைக்கே எட்டாவது எடம்தான்" என்று சிரித்தார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டதையே மூன்று தடவை கேட்டிருப்பேன் போலிருக்கிறது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் வாரேன். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாரேன். ஆனா ரெண்டு விசயம். ஒண்ணு, மைக்குல எம் பேரச் சொல்லணும். முழுப்பேரு, இனிஷியலோட. ரெண்டாவது, அவளுக்கு வெளங்குத மாதிரிச் சொல்லணும். நான் பிடிச்சா அது நல்லதுன்னு அவளுக்குத் தெரியணும்."

பெயரைச் சொன்னார். சாமி பெயர், நீளமானது, முன்னால் இரண்டு இனிஷியல். அதை நான் இங்கே எழுதவில்லை. அவரைக் கேட்காமல் அவருக்கு ஒரு பெயரை ஊரெல்லாம் பரப்பியவன் நான், இன்னொரு தடவை கேட்காமல் செய்ய மாட்டேன்.

அடுத்த மூன்று நாளும் எனக்கு ஒரே கவலைதான். மூன்று வருடம் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகிய நாக்கு. பந்து அவர் கைக்குப் போகிற அந்த அரை நொடியில் யோசிக்க நேரம் இருக்காது. அது தானாகச் சொல்லும். தார் டின் என்று மட்டும் ஒரு தடவை வந்துவிட்டால், அவர் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடுவார். போகாவிட்டாலும் அந்த அம்மா மறுபடியும் பஸ்ஸில் அதே கேள்வியைக் கேட்பார். பல் தேய்க்கும்போதும் வயர் சுற்றும்போதும் அந்த முழுப்பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"யாருங்க அது? எவன் பேரையோ மூணு நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கீங்க?" என்றாள் மனைவி.

விஷயத்தைச் சொன்னேன். "ஒங்களப் பாத்து வகுப்புல சிரிச்சாங்கன்னுதானே பள்ளிக்கூடத்த விட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மைக் பெட்டியின் அட்டையைக் கிழித்து, பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி ஆம்ப்ளிபயர் மேல் ஒட்டினேன். கோல்கீப்பரின் மனைவிக்கு வர்ணனை மேஜைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டோம். மஞ்சள் சேலை, மடியில் ஒரு பை. பையில் எங்களுக்கென்று எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தார். நான் வணக்கம் சொன்னேன். என் குரல் அவருக்கும் தெரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. பையை மடியிலிருந்து கீழே வைத்தார்.

விசில் ஊதினார்கள். எதிரணி மலையடிவாரத்துக்காரர்கள், வேகமானவர்கள். மூன்றாவது நிமிடமே ஒரு பந்து கோலுக்குப் போனது. அவர் பக்கவாட்டில் பறந்தார். என் நாக்கு தயாராக இருந்தது.

"தா..." என்று வந்துவிட்டது.

அட்டையைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. ஆயிரம் பேர் காத்திருந்தார்கள்.

"தா... தாவிப் பிடித்தார்!" என்றேன். பிறகு அந்த முழுப்பெயரை, இனிஷியலோடு, தாலுகா ஆபீஸில் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னேன். கோட்டோரம் ஆட்டோக்காரன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். என் நாக்கைப் பற்றியே மூன்று நாள் கவலைப்பட்டேன், கூட்டத்தின் நாக்கைப் பற்றி யோசிக்கவே இல்லை. அடுத்த பந்தை அவர் பிடித்ததும் எங்கள் ஆட்களே தகரத்தைத் தட்டி "தார் டின்! தார் டின்!" என்று கத்தினார்கள். அன்போடுதான் கத்தினார்கள். இப்போது அவர் எங்கள் ஆள் அல்லவா. அதில் எல்லோருக்கும் மேலே கேட்டது தறி அண்ணாச்சியின் குரல். பழக்கம். கிளார்க் அண்ணாச்சி அவர் தொடையில் ஒரு அடி போட்டது பந்தலிலிருந்தே தெரிந்தது.

கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என் பந்தல் பக்கம் பார்த்தார். உதைக்கவில்லை. அந்த அம்மா குனிந்து பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

நான் ஆம்ப்ளிபயரின் திருகை முழுக்கத் திருப்பினேன். குழாய் கிய்யென்று கத்தியது. கூட்டம் காதைப் பொத்திக்கொண்டு அமைதியானது.

"யாரும் அப்படிக் கூப்பிடாதீங்க" என்றேன். "அந்தப் பேர வச்சது நான். அத நான் திரும்ப எடுத்துக்கிட்டேன்."

உடனே தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர்: "அப்ப ஏன்வே வச்சீரு?"

வகுப்பில் எழுந்து நின்றது போலவே இருந்தது. வித்தியாசம், கையில் மைக்.

"புத்தியில்லாம வச்சேன் அண்ணாச்சி."

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்துத்தான். "அப்ப ஒமக்கு ஒரு பேரு வைக்கணும்லா? ஓட்ட ஸ்பீக்கர்!" என்று ஒருவர் கத்த, மைதானமே "ஓட்ட ஸ்பீக்கர், ஓட்ட ஸ்பீக்கர்" என்று தகரத்தைத் தட்டியது. அந்த அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியதில் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கோல்கீப்பர் பந்தை நடு மைதானம் தாண்டி உதைத்தார்.

அன்றைக்குப் போல நான் எப்போதும் வர்ணனை சொன்னதில்லை. "இப்போது எதிரணிக்காரர் பந்தோடு வருகிறார். இது நமக்கு நல்லதல்ல" என்றேன். "கோல்கீப்பர் ஒருவர்தான் பந்தைக் கையால் தொடலாம். அவர் பிடிக்கப் பிடிக்க நமக்கு லாபம்" என்றேன். நாற்பது வருடமாகக் கால்பந்து பார்க்கிற பெரியவர்கள் எழுந்து, "ஏன்வே, நாங்க என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று சத்தம் போட்டார்கள். நான் விடவில்லை. கார்னர் என்றால் என்ன, ஆஃப்சைடு என்றால் என்ன, எல்லாம் சொன்னேன். ஆஃப்சைடு எனக்கும் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் புரிந்தது.

அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். கரண்ட் கட் அதிசயமாகக் கடைசி வரை மைதானத்தில் இருந்து ஒன்றைத் திருப்பிப் போட்டார். ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது டவர், பதற்றத்தில், எங்கள் கோலுக்கு முன்னால் ஓர் ஆளின் காலை வாரிவிட்டார். பெனால்டி.

"இப்போது எதிரணிக்காரர் ஒருவர் மட்டும் அடிப்பார், நம்மவர் ஒருவர் மட்டும் தடுப்பார்" என்றேன். மைக் கையில் இருந்தும் எனக்குப் பயம் வந்த ஒரே நேரம் அதுதான். அந்த அம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நானும் அதே விளிம்பைத்தான் பிடித்திருந்தேன்.

அடித்தார்கள். வலது பக்கம், தரையோடு. அவர் கண் பந்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. பெரிய பழத்தைப் பெரிய கூடைக்குத் தள்ளுகிற மாதிரி, ஒரு கை நீண்டு பந்தைக் கம்பத்துக்கு வெளியே தட்டிவிட்டது.

தகரம் கிழிந்துவிடும் போல அடித்தார்கள். ஆட்கள் அழுகிறார்கள், சிரிக்கிறார்கள், தறி அண்ணாச்சி கிளார்க் அண்ணாச்சியைத் தூக்க முயன்று இரண்டு பேரும் விழுந்தார்கள். கூட்டம் ஒரே குரலில் அந்த நீளப் பெயரைக் கூப்பிட்டது. அவ்வளவு நீளப் பெயரைக் கோஷமாகப் போடுவது சுலபமில்லை. ஆளுக்கொரு இடத்தில் முறித்தார்கள்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இப்ப எதுக்குச் சிரிக்காவ?"

"சந்தோசத்துல சிரிக்காவ தாயி."

"நல்லாப் பிடிச்சாங்களா?"

"நல்லாப் பிடிச்சாரு. இதுக்கு மேல யாராலயும் பிடிக்க முடியாது."

மைக்கை அணைக்க மறந்துவிட்டேன். ஊரே அதைக் கேட்டது. கோல் பக்கத்திலிருந்து அவர் கையை உயர்த்திக் காட்டினார்.

மேட்ச் டிராவில் முடிந்தது, தப்பிவிட்டோம். நானும் ஆட்டோக்காரனும் அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டோம். வழியெல்லாம் இரண்டு அண்ணாச்சிமாரும் கடையில் வழக்காடியது பற்றியும், வெளிநாட்டுக் கிளப் பற்றியும், குரங்குப் படம் பற்றியும் ஆட்டோக்காரன் சொல்லிக்கொண்டே வந்தான். "அந்தப் பையன் அடுத்த மேட்சுல ஆடுதானா?" என்று கேட்டார் கோல்கீப்பர். ஆடுகிறான் என்றேன். "ஆடணும்" என்றார். புளியங்குடி பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டார்.

"எல்லாம் நல்லாச் சொன்னீரு. ஒண்ணே ஒண்ணு. மொத இனிஷியல் எங்க தாத்தாவுக்கு, ரெண்டாவது எங்க அப்பாவுக்கு. நீரு ஆட்டம் பூரா எங்க அப்பாவத் தாத்தாவுக்கு முன்னால நிப்பாட்டிட்டீரு."

பஸ் கிளம்பிவிட்டது. எனக்குத் தலை சுற்றியது. அட்டையிலேயே மாற்றி எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்துப் பார்த்து, ஆயிரம் பேர் முன்னால், அத்தனை தடவை! இனி அடுத்த வருடம் வரை இதைத் திருத்த முடியாதே. பஸ் ஸ்டாண்ட் வாசலைத் தாண்டிப் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். ஜன்னலுக்கு நேராக வந்ததும், தாத்தா முன்னால், அப்பா பின்னால், அந்த முழுப்பெயரையும் கத்தினேன். மைக் இல்லாமல்.

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நின்றுவிட்டது.

"யாருவே ஏறணும்?" என்றார் கண்டக்டர் படியிலிருந்து.

"யாரும் ஏறல அண்ணாச்சி. பேரச் சரியாச் சொல்லணும்னுதான்..."

"பேரு சொல்லதுக்கா பஸ்ஸ நிப்பாட்டுனீரு?"

பஸ் முழுக்க ஜன்னல் வழியே தலை நீட்டிச் சிரித்தது. மஞ்சள் சேலை இந்தத் தடவை வாயை மூடிக்கொள்ளவில்லை. "இப்ப சரியா இருக்கு" என்று கோல்கீப்பர் சொன்னது, இரைச்சலுக்கு நடுவிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.